மேல்காற்றும் மிளகும் நானும்: யார்க்‌ஷயர் கடற்கரையில் நாயோடு தனியாகப் போனால்

இங்கிலாந்துக் கடற்கரைக்கு நாயோடு போவது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேராகப் போனவர்கள். அதை எழுத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். "காபி வாங்கிக்கொண்டு வந்தோம்" என்பார்கள். ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க, இன்னொருவர் உள்ளே போய் வாங்கியிருப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தக் காபியே பெரிய திட்டமாகிவிடும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அதோடு காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆயிரம் பவுண்டுக்கு மேல் செலவழித்துத் தெரிந்துகொண்டேன். நான் இருப்பது லெஸ்டரில். என் நாயின் பெயர் மிளகு. கறுப்பு லாப்ரடார், 28 கிலோ, ஐந்து வயது. கடல் என்றால் அவளுக்குப் பித்து. பந்து என்றால் அதைவிடப் பெரிய பித்து. இந்த இரண்டும் சேர்ந்துதான் நடு இரவில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நிறுத்தின.

அக்டோபர் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே பல கடற்கரைகளில், குறிப்பாக ஊருக்கு நேர் எதிரே இருக்கும் மணற்பரப்புகளில், மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்களை விடமாட்டார்கள். மீறினால் அபராதம். ஒரே கடற்கரையில்கூட ஒரு பகுதியில் தடை இருக்கும், நூறு அடி தள்ளி இருக்காது. அக்டோபரில் தடை நீங்கிவிடும், கூட்டமும் இருக்காது, அறை வாடகையும் இறங்கிவிடும். ஆனால் அந்த மலிவுக்குள் காற்றும் அடக்கம். பிரிட்டனின் வானிலை அலுவலகம் 2015 முதல் பெரிய புயல்களுக்குப் பெயர் வைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் புதிய பெயர்ப் பட்டியல் தொடங்கும். நான் போனபோது வீசியது பெயர் வைக்கும் அளவுக்குப் பெரிய புயலே இல்லை. வெறும் மஞ்சள் எச்சரிக்கைதான். முன்னறிவிப்பில் சராசரி வேகம் 28 மைல் என்று போட்டிருந்ததைப் பார்த்து, பரவாயில்லை என்றுதான் கிளம்பினேன். அதற்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் திடீர் வீச்சின் வேகம் தனியாக இருக்கும். அன்று அது 52 மைல். கதவைப் பிய்ப்பது, குடையை ஒடிப்பது, நாயின் காதைத் திருப்பிப் போட்டு அவளை மிரளவைப்பது எல்லாம் இந்த இரண்டாவது எண்தான். வேகத்தைவிடவும் முக்கியமானது திசை. அன்று வீசியது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. யார்க்‌ஷயர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அதாவது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

ஹம்பர் பாலம் வழியாகப் போனேன். 1981-இல் திறக்கப்பட்ட அந்தத் தொங்குபாலத்தின் நடுப்பகுதி மட்டுமே 1,410 மீட்டர். 1998 வரை உலகத்திலேயே நீளமான தொங்கல் அதுதான். அன்று உயரமான வண்டிகளைப் பாலத்தில் ஏறவிடவில்லை. என் சிறிய கார் பக்கவாட்டில் அசைந்தது. அசைந்தபோதெல்லாம் பின்னிருக்கையில் மிளகு எழுந்து நின்றாள். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போட்டு, அதை சீட் பெல்ட்டோடு இணைத்திருந்ததால் என் தோள்மீது பாயவில்லை. இந்த நாட்டுச் சாலை விதிநூலின் 57-ஆம் விதி, வண்டியில் நாயை முறையாகக் கட்டிவைக்கச் சொல்கிறது. விதிக்காக இல்லாவிட்டாலும் காற்றுக்காகச் செய்யுங்கள். இருவராகப் போனால் ஒருவர் திரும்பி நாயைச் சமாதானப்படுத்தலாம். தனியாகப் போகிறவருக்கு இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில்தான் இருக்க வேண்டும்.

பாலத்தைத் தாண்டி ஹல் நகரத்தைக் கடந்தால் வருவது ஹோல்டர்னஸ் கரை. பனியாறுகள் விட்டுப்போன களிமண்ணால் ஆன கரை அது. ஐரோப்பாவிலேயே வேகமாகக் கடல் தின்றுகொண்டிருக்கும் கரைகளில் ஒன்று. சராசரியாக ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. ஆல்ட்ப்ரோ என்ற ஊரில் கடலை நோக்கிப் போகும் சாலை வெட்டிவிட்டதுபோல் கரை விளிம்பில் முடிகிறது. மேப்பிள்டன் கிராமத்தைக் காப்பாற்ற 1991-இல் பாறைகளைக் கொட்டி இரண்டு தடுப்புகள் கட்டினார்கள். கிராமமும் சாலையும் பிழைத்தன. ஆனால் மணல் தெற்கே நகர்வது தடைப்பட்டதால் அந்தப் பக்கத்து நிலம் முன்னைவிட வேகமாக விழத் தொடங்கியது. அந்தத் தெற்குப் பக்கத்தில்தான் கவ்டன் இருக்கிறது. விமானப்படை குண்டு போட்டுப் பயிற்சி செய்த பழைய மைதானம். கரை சரியச் சரிய, வெடிக்காத குண்டுகள் இன்னும் வெளியே வருகின்றன. தோண்டுவதில் ஆர்வமுள்ள நாயை வைத்திருப்பவர்கள் அங்கே வாரை அவிழ்க்கவே கூடாது. களிமண் மேட்டின் விளிம்பிலும் நிற்கக் கூடாது, அடியிலும் படுக்கக் கூடாது. மழைக்குப் பிறகு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

மேப்பிள்டன் கார் நிறுத்துமிடத்தில்தான் முதல் செலவு வந்தது. அங்கே எல்லாரும் கடலைப் பார்த்தபடிதான் வண்டியை நிறுத்துகிறார்கள். நானும் அப்படியே நிறுத்தினேன். கடல் கிழக்கே, காற்று மேற்கிலிருந்து. அப்படியானால் காற்று வண்டியின் முதுகில் அடிக்கிறது. காரின் கதவுக்குக் கீல் முன்பக்கம் இருக்கிறது. பின்னாலிருந்து வரும் காற்றுக்கு, லேசாகத் திறந்த கதவு பாய்மரம்தான். கைப்பிடியை இழுத்து அரை அடிகூடத் திறக்கவில்லை, யாரோ வெளியிலிருந்து பிடுங்கியதுபோல் கதவு என் கையைவிட்டுப் போனது. படார் என்று ஒரு சத்தம். அளவுக்கு மீறி முன்னால் மடங்கி, முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகட்டில் இடித்து நின்றது. தகடு நெளிந்துவிட்டது. கதவை நிறுத்திப் பிடிக்கும் பட்டை முறிந்துவிட்டது. சத்தத்தில் மிரண்டு மிளகு பின்னிருக்கையில் துள்ளினாள். அவள் கட்டப்பட்டிருக்காவிட்டால் அந்தத் திறந்த கதவு வழியாகப் பாய்ந்து, முப்பது அடி தூரத்திலிருந்த விளிம்பை நோக்கித்தான் ஓடியிருப்பாள். கதவை இரண்டு கைகளாலும் தள்ளி மூடினேன். மூடியது, ஆனால் மேல்மூலையில் சிறிய இடைவெளி. அதன் பிறகு பயணம் முழுக்க அந்த இடைவெளி விசில் அடித்துக்கொண்டே வந்தது.

பின்னர் பழுதுபார்த்தவர் சொன்னார், காற்றடிக்கும் காலத்தில் அவருக்கு வழக்கமாக வரும் வேலையாம் இது. கீல், பட்டை, தகடு, வண்ணம் எல்லாம் சேர்த்து 540 பவுண்டு. கார் காப்பீட்டில் முதல் 400 பவுண்டு என் பொறுப்பு. மீதி 140-க்காகக் கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டுச் சந்தா அதைவிட ஏறிவிடும் என்பதால் முழுவதையும் கையிலிருந்தே கட்டினேன். செய்ய வேண்டியது மிக எளிது. வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து நிறுத்துங்கள். அப்போது காற்று கதவை மூடும் பக்கமாகவே தள்ளும். பின்கதவும் காற்று மறைவில் இருக்கும், நாயை இறக்க வசதி. கடல் முதுகுப்பக்கம் போய்விடும், காட்சி கெடும். கெடட்டும். திசை தெரியாவிட்டால் கொடிக்கம்பத்தையோ புல்லையோ பாருங்கள், இரண்டும் இல்லையென்றால் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டுங்கள். கதவைத் திறப்பதற்கு முன்பே நாயின் வார் உங்கள் மணிக்கட்டில் இருக்க வேண்டும். இன்னொன்று, கட்டணச் சீட்டைக் கண்ணாடியருகே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது அது பறந்து கவிழ்ந்துவிடும். வைத்த கையோடு அதைப் படம் எடுத்துவையுங்கள். எனக்கு அது ஒரு அபராதத்திலிருந்து விலக்கு வாங்கித்தந்தது.

அடுத்தது ஃப்ரெய்ஸ்தோர்ப். பிரிட்லிங்டனுக்குச் சற்றுத் தெற்கே, ஆண்டு முழுவதும் நாய்களை அனுமதிக்கும் அகலமான மணற்கரை. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைத் தடுக்க வைத்த கான்கிரீட் கட்டைகளும் காவல் அறைகளும் மேட்டிலிருந்து சரிந்து மணலில் சாய்ந்து கிடக்கின்றன. மேட்டின் அடியில் காற்றே இல்லாதது போலிருந்தது. கடலும் கரையோரத்தில் அடங்கிக் கிடந்தது. இங்கேதான் மேல்காற்றின் தந்திரம். நிலத்திலிருந்து வீசும் காற்று கரையோர அலைகளை அமுக்கிவிடுகிறது. பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் தண்ணீரில் மிதக்கும் எதையும் அது கடலுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போகும். பந்தை எறிந்தேன். சில முறை கொண்டுவந்தாள். பிறகு ஒரு பந்து சற்றே தள்ளி விழுந்தது. அவள் நெருங்க நெருங்க அது விலகிக்கொண்டே போனது. மேட்டு மறைவைத் தாண்டியதும் அங்கே உண்மையான காற்றும் உண்மையான அலைகளும் இருந்தன. அவளுடைய தலை ஒரு கறுப்புப் புள்ளியாகிவிட்டது. கூப்பிட்டேன். என் குரல் காற்றோடு அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும், ஆனால் பந்து கண்முன்னால் இருக்கும்போது லாப்ரடாருக்குக் காது கிடையாது.

தண்ணீரில் இறங்கிவிடத்தான் உடம்பு துடித்தது. செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். 1824 முதல் இங்கே கடல் மீட்புப் பணி செய்துவரும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பின் பலகை ஒன்றை அதற்கு முந்தைய நிறுத்தத்தில் படித்திருந்ததுதான் என்னை நிறுத்தியது. நாய்க்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள், அது கரையேறக்கூடிய இடத்துக்கு நீங்கள் போய் நின்று கூப்பிடுங்கள், ஆபத்து என்றால் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலரைக் கேளுங்கள் என்பது அவர்களுடைய அறிவுரை. நாய் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடுமாம், பின்னால் போன மனிதர்தான் திரும்புவதில்லையாம். கரையில் யாருமே இல்லை. நான் மூழ்கினால் பார்க்கக்கூட ஆளில்லை. கைபேசியில் 999 என்ற எண்களை அடித்துவைத்துக்கொண்டு கரையோரமாக ஓடிக்கொண்டே, இன்னொரு பந்தைத் தலைக்கு மேல் ஆட்டினேன். அந்த இரண்டாவது பந்துதான் அவளைத் திருப்பியது. காற்றுக்கு எதிராக, ஒவ்வோர் அலைக்கும் வாயைத் திறந்தபடி நீந்திவந்தாள். கரையேறியதும் இருமினாள், கொஞ்சம் கக்கினாள், உடனே வாலை ஆட்டினாள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அன்று மாலை வரை நடந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாம்ப்ரோ முனையிலும் பெம்ப்டனிலும் வாரை அவிழ்க்கவில்லை. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், பெம்ப்டனில் 100 மீட்டர் உயரம் வரை. முயலையோ பறவையையோ துரத்திய நாய்கள் விழுந்துவிடும் இடங்கள் இவை. ஃபைலியில் வறுத்த மீன் கடைக்கு முன்னால் நாயோடு நின்று, உள்ளே கையசைத்து வாங்கினேன். உருளைக்கிழங்கு வறுவலில் நான்கைக் காற்று எடுத்துக்கொண்டது, இரண்டைக் கடற்காகம் எடுத்துக்கொண்டது. நம் ஆட்களுக்கு ஒரு தகவல்: யார்க்‌ஷயரில் பல கடைகளில் மீனையும் கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில்தான் வறுக்கிறார்கள். சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கழிப்பறையைப் பற்றியும் வெட்கப்படாமல் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் தனியாகப் போகிறவருக்கு இதுதான் முதல் பிரச்சினை. நாயை வெளியே கட்டிவிட்டுப் போகவும் முடியாது, திருட்டு நடக்கிறது. காரில் விட்டுவிட்டு வரலாம் என்றால் கார் ஒரு மைல் தள்ளி. ஆகவே ஈரமான 28 கிலோ லாப்ரடாரோடு ஒரு சிறிய அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துவதற்கு ஒரு முறை வேண்டும். முதலில் நாய், பிறகு நான், பிறகு தாழ்ப்பாள். கோட்டைக் கழற்றித் தொங்கவிடக் கூடாது, அவள் இழுத்துவிடுவாள். கடையிலும் இதே கதைதான், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் நாய்க்கு அனுமதி இல்லை. தனியாள் செய்யக்கூடியது, சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போவதுதான். பப்புகளில் பார் பகுதியில் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், சாப்பாட்டுக்கூடத்தில் விடமாட்டார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, சுவரோரமாக ஒரு மேசை வாங்கிக்கொள்வது நல்லது.

இரவு தங்கியது ராபின் ஹுட்ஸ் பேயில். மேலே காரை நிறுத்திவிட்டுச் செங்குத்தான தெருவில் இறங்கிப் போக வேண்டிய மீனவர் கிராமம். அறைக்கு இரவுக்கு 95 பவுண்டு, நாய்க்குத் தனியே 15. இரண்டு இரவுக்கும் முன்பே கட்டியிருந்தேன். அறைக்குள் வந்ததும் மிளகு தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்தாள். நிரப்பினேன், அதையும் காலி செய்தாள். நன்றாக விளையாடியிருக்கிறாள், தாகம் என்று எண்ணினேன். ஒன்பது மணிக்கு வாந்தி தொடங்கியது. முதலில் தண்ணீர், பிறகு மணல் கலந்த தண்ணீர். பிறகு வயிற்றுப்போக்கு, விடுதியின் கம்பளத்தின் மீதே. பதினொரு மணிக்கு எழுந்து நடக்கப் பார்த்தவளுக்குப் பின்னங்கால்கள் குறுக்கே போயின. குடித்தவன்போல் சுவரில் சாய்ந்தாள். அந்தக் கால்களைப் பார்த்தபோதுதான் எனக்குள் ஏதோ கழன்று விழுந்தது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நாய் அதை நிறையக் குடித்துவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறும், செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வாந்தி, பேதி, அடங்காத தாகம், சோர்வு, தள்ளாட்டம், முற்றினால் வலிப்பு. பந்தைக் கவ்வி நீந்தும் நாய் ஒவ்வொரு முறையும் ஒரு வாய்க் கடலைக் குடிக்கிறது. காற்றடிக்கும் நாளில் இரண்டு வாய். இதையெல்லாம் அன்றிரவு தொலைபேசியில்தான் கேட்டேன். அந்தத் தொலைபேசி அழைப்புக்குள் போவதற்கே முக்கால் மணி நேரம் வீணானது. கிராமம் பள்ளத்தில் இருப்பதால் கைபேசியில் கோடே இல்லை, விடுதியின் வைஃபைதான் துணை. எங்கள் மருத்துவரின் எண்ணை அழைத்தால் பதிவுக்குரல் லெஸ்டரில் இருக்கும் இரவு மருத்துவமனையின் முகவரியைச் சொன்னது. அது 150 மைல் தள்ளி. இந்த நாட்டில் கால்நடை மருத்துவர்கள் 24 மணி நேரமும் அவசர முதலுதவிக்கு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்பது அவர்களுடைய தொழில்நெறி. ஆனால் அந்த ஏற்பாடு பக்கத்துத் தெருவிலேயே இருக்க வேண்டும் என்று இல்லை. உள்ளூர் மருத்துவரின் எண்ணை அழைத்தபோது, இரவு நேரத்துக்கு அவர்கள் கைகாட்டும் இடம் மூர் என்னும் புதர் மண்டிய மேட்டு நிலத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று தெரிந்தது.

பயணம் கிளம்புவதற்கு முன்பு, தங்கப்போகும் ஒவ்வோர் ஊருக்கும் இரவு மருத்துவமனை எது என்று உள்ளூர் மருத்துவரையே அழைத்துக் கேளுங்கள். பெயர், எண், அஞ்சல் குறியீடு, போகிற நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் சமிக்ஞை இல்லாத பள்ளத்தில் அது உதவாது. அனிமல் பாய்சன்லைன் என்ற கட்டணத் தொலைபேசிச் சேவையும் இரவு பகலாக இயங்குகிறது. நாய் எதையாவது விழுங்கிவிட்டால் உடனே ஓட வேண்டுமா, வீட்டிலேயே பார்க்கலாமா என்று சொல்வார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, தள்ளாட்டம் என்ற ஒரு சொல்லைக் கேட்டதுமே இரவு மருத்துவர், "இப்போதே கிளம்புங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், மொத்தமாகக் குடிக்க விடாதீர்கள்" என்றார்.

28 கிலோவைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துத் தெருவில் கார் வரை எப்படி ஏறுவது? விடுதிக்கார அம்மாள் இரவு உடையிலேயே வந்தார். என் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை. மிளகைத் தொட்டிலில் போட்டதுபோல் தூக்கிக்கொண்டு ஏறினோம். மூன்று முறை நின்றோம். "நீங்கள் ஓட்டுவதை மட்டும் பாருங்கள், கம்பளத்தை நாளைக்குப் பேசிக்கொள்வோம்" என்றார். பேசினோம், 60 பவுண்டு. அந்தப் பணத்தை மனமாரக் கொடுத்தேன்.

விட்பியைக் கடந்து மூர் நிலத்தில் ஏறும் ஏ171 சாலை பகலில் அழகாக இருக்கும் என்கிறார்கள். நான் பார்த்தது விளக்கில்லாத கறுப்பு, பக்கவாட்டில் இடிக்கும் காற்று, சாலையோரத்தில் திடீரென்று ஒளிரும் ஆட்டுக் கண்கள். அங்கே ஆடுகள் வேலியில்லாமல் திரிகின்றன. பின்னால் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். நின்று பார்க்கவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. வலிப்பு வந்தால் மட்டும் நிறுத்துங்கள், மற்றபடி நேராக வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அவள் முனகினால் நிம்மதி, சத்தமே இல்லையென்றால் பயம். விசிலடிக்கும் கதவை வாய்விட்டுத் திட்டினேன். அழுகையும் வந்தது. அது நாய்க்காக மட்டும் வந்ததென்று சொல்ல முடியாது. பின்னிருக்கையில் உட்கார ஒரே ஒரு ஆள் இல்லையே என்பதற்காகவும்தான்.

மருத்துவமனையில் செவிலியர் கார் வரை வந்து அவளை வாங்கிக்கொண்டார். பிறகு என் முன்னால் ஒரு படிவம், ஒரு மதிப்பீடு. 1,300 முதல் 1,700 வரை ஆகலாம், 800 முன்பணம். என் வங்கி அட்டை நடு இரவில் அறியாத ஊரில் இவ்வளவு தொகையா என்று சந்தேகப்பட்டு மறுத்துவிட்டது. கடன் அட்டை இருந்ததால் தப்பித்தேன். இரண்டு வெவ்வேறு அட்டைகள் கையில் இல்லாமல் நாயோடு தொலைதூரம் போகாதீர்கள். காப்பீட்டு எண்ணும் வேண்டும். சில நிறுவனங்கள் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும், ஆனால் இரவில் அவர்களுடைய அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். முதலில் நம் கையிலிருந்துதான் போகும்.

சோடியம் ஏறியிருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. எக்ஸ்ரேயில் குடலில் மணல். சோடியத்தை வேகமாக இறக்கினால் மூளை வீங்கிவிடும், அதனால் டிரிப்ஸை மெதுவாக ஏற்றி மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். இவ்வளவு செலவும் அந்த நிதானத்துக்குத்தான். என்னை அங்கே இருக்க விடவில்லை. காரில் படுத்தேன். காற்று காரைத் தொட்டில்போல் ஆட்டிக்கொண்டே இருந்தது, ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை. அம்மாவை அழைக்கலாமா என்று யோசித்தேன். இங்கே இரண்டு மணி என்றால் அங்கே ஆறரை, எழுந்திருப்பார். நாய்க்கா இவ்வளவு பணம் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தெம்பு இல்லை, அழைக்கவில்லை.

காலையில், பிழைத்துவிட்டாள், மாலையில் வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள். அதுவரை நேரத்தைக் கழிக்கப் பக்கத்திலிருந்த சால்ட்பர்னுக்குப் போனேன். யார்க்‌ஷயரில் மிஞ்சியிருக்கும் ஒரே கடற்பாலம், 1869-இல் திறந்தது. மேட்டிலிருந்து கரைக்கு இறக்கிவிடத் தண்ணீரின் எடையால் ஓடும் தூக்கு வண்டி, 1884-ஐச் சேர்ந்தது. எதிலும் மனம் ஒட்டவில்லை. நாயில்லாமல் கழிப்பறைக்குப் போய்வருவது எவ்வளவு சுலபம் என்று வியந்தது மட்டும் நினைவிருக்கிறது. மாலையில் மிளகு முன்காலில் சவரம் செய்த சதுரத்தோடு, எதுவும் நடக்காததுபோல் வந்தாள். சில நாட்களுக்கு வேகவைத்த கோழியும் சாதமும், கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டாவது இரவின் 110 பவுண்டைத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்பதால் பையை மட்டும் எடுத்துக்கொண்டு லெஸ்டருக்குக் கிளம்பினோம்.

இப்போதும் நாங்கள் கடலுக்குப் போகிறோம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு நல்ல தண்ணீர் கொடுக்கிறேன், இரண்டு லிட்டர் புட்டியைத் தோளிலேயே சுமக்கிறேன். கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசினால் தண்ணீரில் எறிவதே இல்லை, மணலில் மேட்டுப்பக்கமாகத்தான். பந்துக்குப் பதிலாகத் தட்டையாக மிதக்கும் பொம்மை, அதைக் கவ்வும்போது வாய் அவ்வளவு அகலமாகத் திறப்பதில்லை. கழுத்துப் பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992 முதல் இங்கே சட்டம். அதோடு என் கைபேசி எண்ணையும் சேர்த்துவிட்டேன். புயலுக்கு மறுநாள் கரையில் ஒதுங்கும் நட்சத்திர மீன், செத்த நண்டு, மெழுகுபோல் வெள்ளைக் கட்டியாகக் கிடக்கும் பாமாயில் எதையும் முகரக்கூட விடுவதில்லை, நாய்கள் அவற்றைத் தின்று செத்திருக்கின்றன. ஒரு தோழியும் கூட வர ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்கு நாய் என்றால் பயம். பரவாயில்லை, காபி வாங்கிவரத் தெரிகிறது.

மருத்துவமனையின் இறுதி ரசீது 1,480 பவுண்டு. காப்பீட்டு நிறுவனம் மிளகு குட்டியாக இருந்த காலம் முதலான மருத்துவக் குறிப்புகளை எங்கள் மருத்துவரிடமிருந்து வரவழைத்துப் படித்தது. ஆறு வாரம் கழித்து, முதல் 120 பவுண்டு என் பொறுப்பு, இரவு நேரக் கட்டணமான 235 ஒப்பந்தத்தில் இல்லை என்று இரண்டையும் கழித்து 1,125-ஐ அனுப்பியது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், பதினோராவது பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. உங்களுடையதில் எந்தப் பக்கம் என்று இன்றே பாருங்கள். புதுப்பிக்கும்போது இரவு நேரக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும் திட்டமாக மாற்றிக்கொண்டேன், மாதத்துக்கு நான்கு பவுண்டு கூடுதல்.